வெறும் மேசையில் தட்டிய மனு

பழைய கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் போட்டுக் குடுக்கிற தொழில்ல மெசினைப் புரிஞ்சுக்கிறது சுளுவு. அதைத் தூக்கிட்டு வர்ற ஆளைப் புரிஞ்சுக்கிறதுக்குள்ளதான் நமக்குத் தாவு தீந்துரும். ஆனையூர்ல சின்னக் கடை என்னோடது. விண்டோஸுக்குப் பதிலாப் போடுற லினக்ஸ் இலவசம்தான், ஆனா அதுல அம்புட்டு வகை இருக்கு. யாருக்கு எதைப் போடுறதுன்னு தெரியிறதுதான் நம்ம பொழப்பே. உங்கள்ல யாராச்சும் இதே வேலையில மாட்டிக்கிட்டிருந்தா, இதைப் படிச்சிட்டு என்னைய ரொம்பத் திட்டாதீங்க.

நல்ல நேரம்

வண்டியூர்ப் பக்கமிருந்து ஒரு குருக்கள் வந்தார். பஞ்சாங்கம் பாக்கணும், வெளிநாட்டுல இருக்கிற மகள் முகத்தைப் பாத்துப் பேசணும், அம்புட்டுதான் தேவை. நான் நாலு வகையை ஓடவிட்டு, ஒவ்வொண்ணோட பெருமையையும் அரைமணி நேரம் பேசினேன். பொறுமையாக் கேட்டுட்டு, பழைய மெசின்ல பட்டன் எங்க இருந்துச்சோ அங்கயே இருக்கிறது எதுன்னு மட்டும் கேட்டார். மின்ட்டுங்கிற வகையைப் போட்டேன்.

அன்னைக்கு வெள்ளிக்கிழமை. எல்லாம் ஏத்தி முடிச்சு, ஒருவாட்டி அணைச்சுப் போடணும்னு கை வச்சா, தடுத்துட்டார். ராகுகாலமாம், பன்னெண்டு மணி ஆகணுமாம். எனக்குச் சுர்ருன்னு ஏறுச்சு. ஆனாலும் உக்காந்திருந்தேன். தூக்குவாளியில இருந்த கோயில் பொங்கலைப் பாதி எனக்கு எடுத்து வச்சுட்டுச் சொன்னார்: "அணைச்சுட்டு மறுபடி எழுப்புறதும் ஒரு பொறப்புதானேம்மா, நேரம் பாக்க வேணாமா?"

மகேஸ்வரி அக்கா

அதே வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகேஸ்வரி அக்கா வந்தாங்க. கலெக்டர் ஆபீஸ் பக்கத்துல ஒரு ஜெராக்ஸ் கடை ஓரமா மேசை போட்டு, முப்பது வருசமா மனு டைப் அடிக்கிறவங்க. திங்கக்கிழமை மனுநாள். சுத்துப்பட்டு சனமெல்லாம் வரும். அதுக்குள்ள மெசின் எந்திரிக்கணும்னு சொன்னாங்க.

மெசின் ரொம்பப் பழசு, அதனால லேசா ஓடுற லுபுண்டுங்கிற வகையைப் போட்டேன். தமிழ் வருதான்னு நானே 'வணக்கம்'னு தட்டிப் பாத்தேன், அழகா வந்துச்சு. அக்காவையும் ஒருவாட்டி தட்டிப் பாக்கச் சொல்லியிருக்கணும். சொல்லலை. அவங்களும் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கிளம்புனாங்க. "நீ பாத்தாப் போதும் தங்கச்சி, நான் வேற என்னத்த பாக்கப் போறேன்."

திங்கக்கிழமை மதியம்

அக்கா மெசினை வேட்டித் துணியில கட்டி, ஆட்டோவுல வச்சுக் கொண்டாந்துட்டாங்க. கெட்டுப் போச்சான்னு கேட்டேன். இல்லை, இதை யாருக்காச்சும் குடுத்துருன்னாங்க. முகமே செத்துப் போயிருந்துச்சு.

உக்காரவச்சுத் தண்ணி குடுத்து விசாரிச்சேன். காலையில திருவாதவூர்ல இருந்து வெள்ளாமை பாக்குற சம்சாரி ஒருத்தர், கண்மாய்க்குத் தண்ணி கேட்டு மனு எழுத வந்திருக்கார். அவர் சொல்லச் சொல்ல அக்கா அடிச்சா, திரையில கன்னாபின்னான்னு எழுத்து. அழிச்சு அழிச்சு நாலுவாட்டி அடிச்சிருக்காங்க. கடைசியில கரண்ட்டு சரியில்லைன்னு பொய் சொல்லி, அவரைப் பக்கத்து ஆளுகிட்ட அனுப்பிட்டு, அழுதிருக்காங்க. அவங்க அம்மாவுக்கும் இந்த வயசுலதான் மறதி வந்துச்சாம். முதல்ல உப்பு டப்பா எதுன்னு தெரியலை, அப்புறம் பெத்த மக பேரு தெரியலை. மெசின் மேல அவங்களுக்குச் சந்தேகமே வரலை, ஏன்னா நான் பாத்துக் குடுத்த மெசின். மெதுவாச் சொன்னாங்க: "எனக்கும் ஆரம்பிச்சிருச்சு தங்கச்சி."

யளனக

கை நெசமாவே மறந்துருச்சான்னு பாத்துருவோம்னு தோணுச்சு. கீபோர்டைத் தள்ளி வச்சுட்டு, வெறும் மேசையில 'மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு'ன்னு அடிங்கக்கான்னேன். என்னைய ஒரு மாதிரி பாத்தாங்க, ஆனா அடிச்சாங்க. ஒரு விரல்கூடத் தயங்கலை. அப்பத்தான் கவனிச்சேன், 'க'வை இடது கை ஆள்காட்டி விரலால அடிக்கிறாங்க. நான் அடிக்கிற முறையில 'க' வலது கையில வரும்.

அக்கா டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்ல 'யளனக'ன்னு பழகின கை. நான் எனக்குப் பழகின தமிழ் கீபோர்டு முறையை, எழுத்தெல்லாம் வேற வேற இடத்துல இருக்கிறதை, அவங்க மெசின்ல போட்டுவிட்டுட்டேன். லுபுண்டுவா மின்ட்டான்னு அம்புட்டு யோசிச்சவ, அக்கா எப்படி அடிப்பீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலை.

டைப்ரைட்டர் முறைக்கு மாத்த ஒரு நிமிசம்கூட ஆகலை. திரும்ப அடிக்கச் சொன்னேன். அந்தச் சம்சாரியோட மனு, கண்மாய் பேரு, மடை எண்ணிக்கை எல்லாம் ஞாபகத்துல இருந்தே மடமடன்னு வந்துச்சு. திரையைப் பாக்கவே இல்லை, என் முகத்தைத்தான் பாத்துக்கிட்டிருந்தாங்க. தப்பு என் மேலதான்க்கா, உங்களுக்கு ஒண்ணுமே இல்லைன்னு அவங்க கையைப் புடிச்சுக்கிட்டேன். எனக்குத்தான் அழுகை வந்துச்சு.

அக்கா முந்தானையில மூக்கைத் துடைச்சுக்கிட்டுச் சொன்னாங்க: "ஒன்னைய நல்லாத் திட்டணும்னுதான் இருக்கு தங்கச்சி, இம்புட்டு சந்தோசத்துல வாய் வரமாட்டேங்குது."

இப்பல்லாம் எந்த லினக்ஸ் போடலாம்னு யார் வந்து கேட்டாலும் முதல்ல வெறும் மேசையில தட்டிக் காட்டச் சொல்றேன், எதிர்த்த டீக்கடையில மறை கழண்டது எனக்குத்தான்னு முடிவே பண்ணிட்டாங்க.