ட்ரம்ஸ் இல்லாத மூன்று பாடல்கள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மதுரங்குளிச் சந்திக்குப் பக்கத்தில் ஒரு கடையின் மேல்மாடியில் நாங்கள் ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்த காலம் அது. சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரைக்கும் இலங்கையின் மேற்குக் கரையோரத்தில் இருக்கிற சின்னச் சின்ன றொக் குழுக்களின் பாட்டுகளை ஒரே அல்பமாகக் கொண்டுவர ஆசைப்பட்டோம். தமிழ்ப் பாட்டும் இருந்தது, சிங்களப் பாட்டும் இருந்தது. எனக்கு ஊர் தலவிலப் பக்கம். ஒரு குழுவில் பாடினேன்; தொகுப்பு வேலையையும் நானே பார்த்தேன். லொறிச் சத்தம் உள்ளே வராமல் சுவரெல்லாம் பழைய மெத்தைகளைச் சாத்தி, ஃபேனையும் நிறுத்திவிட்டு, வியர்வை ஒழுக ஒழுகப் பாடுவோம்.

எங்கள் பக்கத்தில் கிற்றார் வாசிப்பவர்களுக்குக் குறைவில்லை. நல்ல ட்ரம்ஸ்காரர் கிடைப்பதுதான் கஷ்டம். கனமூலையைச் சேர்ந்த ஒருவர் மூன்று குழுக்களுக்கு வாசித்துக் கொடுத்தார். முஸ்லிம், வயதில் எங்களைவிட மூத்தவர்; அண்ணன் என்ற பொருளில் நானா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். மரக்கறி வியாபாரம் முடிந்து பின்னேரம் வருவார். அவர் வந்து உட்கார்ந்தால், அதுவரை தடுமாறிக்கொண்டிருந்த பாட்டுக்கு நடை வந்துவிடும்.

அவருடைய மூன்று பாட்டுகளும் முடிந்து சில வாரங்களில், புத்தளம் வீதியில் நடந்த மோட்டார் சைக்கிள் விபத்தில் அவர் இறந்துபோனார்.

அல்பத்தை அவருக்கே சமர்ப்பிப்போம், அட்டையில் அவர் படத்தைப் போடுவோம் என்று முடிவெடுத்தோம். அந்த நேரத்தில்தான் அவர் மனைவி சொல்லி அனுப்பியிருந்தார்: அவர் வாசித்ததைப் பாட்டுகளிலிருந்து எடுத்துவிட வேண்டுமாம்.

ஒலிப்பதிவு செய்த சிலாபத்து நண்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. “அதை எடுத்தா அது பாட்டே இல்ல. நீ போய்க் கதைச்சுப் பார்,” என்றான். அந்த அக்கா இத்தாவில் இருந்தார். கணவன் இறந்த பிறகு வெளி ஆண்களைப் பார்க்காமல் வீட்டோடு இருக்கும் காலம் அது. எங்களில் பெண் நான் ஒருத்திதான்.

அட்டைப் படத்தைப் போனில் எடுத்துக்கொண்டு போனேன். அதைக் காட்டினால் மனம் மாறுவார் என்று நம்பினேன். அறைக்குள் வெள்ளை உடுப்போடு உட்கார்ந்திருந்தார். மடியில் கைக்குழந்தை. முஸ்லிம் அக்காமாரைத் தாத்தா என்று அழைப்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

“தாத்தா, இது நானாவுக்கு நாங்க செய்யிற மரியாதை,” என்றேன்.

படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போனைத் திருப்பித் தந்தார்.

“தங்கச்சி, எங்கட மார்க்கத்துல இசை பாவமெண்டு சொல்லுவாங்க. அவர் உசுரோட இரிக்கக்குள்ள நான் ஒண்டும் சொல்லல்ல. அது அவர்ட விருப்பம். நெனச்சா ஒரு நாள் விட்டிருப்பார். இப்ப அவரால விட ஏலாதே. நீங்க போடப் போட அது அடிச்சிக்கிட்டே இரிக்கும். அந்தப் பாரம் அவர் மேல ஏறுமோண்டு எனக்குப் பயமா இரிக்கி. அவருக்காக இனி நான்தானே நிப்பாட்டணும்?”

என் நம்பிக்கை வேறு. ஆனாலும், ஓம் தாத்தா, எடுத்துவிடுகிறோம் என்று சொல்லிவிட்டு எழும்பினேன். வாசல் வரை வந்துவிட்டேன், பின்னாலிருந்து மெதுவாகக் கூப்பிட்டார்.

“தங்கச்சி, அதுல அவர் கதைக்கிற சத்தம் எங்கயாச்சும் இரிக்கா? பாட்டு வேணாம். சும்மா கதைக்கிறது. வளந்தா இவளுக்கு வாப்பாட கொரல் ஞாபகம் இரிக்காது.”

நான் வந்து சொன்னதும் நண்பன் எழும்பி வெளியே போனான். வெகு நேரம் கழித்துத் திரும்பி வந்து கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டான். ட்ரம்ஸ் ஒலியை ஒவ்வொன்றாக நிறுத்தினான். வேறொருவரை வாசிக்க வைத்தும் பார்த்தோம். எல்லோரும் நானாவின் கைக்கு ஏற்ப வாசித்திருந்ததால் புதியவர் அதில் ஒட்டவே இல்லை. அந்த மூன்று பாட்டுகளையும் ட்ரம்ஸ் இல்லாமலே விட்டோம். அட்டைப் படத்தையும் மாற்றினோம்.

பிறகு இரண்டு பேரும் அவர் குரலைத் தேடினோம். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் மைக் திறந்தே இருந்திருக்கிறது. தேத்தண்ணீர் கேட்கிறார். பிழை விட்ட பையனிடம், “பரவாயில்ல தம்பி, திரும்ப வாசிப்பம்,” என்கிறார். ஓரிடத்தில் வீட்டுக்குப் போன் எடுத்து, “புள்ள தூங்கிட்டாளா? நான் வாற வழியில ராச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கிக்கிட்டு வாறன்,” என்கிறார். அதைக் கேட்டதும் நண்பன் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தாத்தா போனைக் காதோடு வைத்துக் கேட்டார். பாண் வாங்கி வருகிறேன் என்ற இடம் வந்திருக்க வேண்டும், “ஆ, வாங்க,” என்றார், நான் பக்கத்தில் இருப்பதை மறந்து. பிறகு போனைக் குழந்தையின் காதருகே கொண்டுபோனார்.

அல்பம் வெளிவந்தது. அந்தப் பாட்டுகள் ஏன் அப்படி வெறுமையாக இருக்கின்றன என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். நாங்கள் காரணம் சொல்வதில்லை. இறந்துபோன ஒருவருக்கு மரியாதை செய்யப் போகிறேன் என்று யாராவது சொல்லும்போதெல்லாம், அவர் வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா என்று என்னை அறியாமல் கேட்டுவிடுகிறேன்.