இழுபடாத வண்டி

கொக்கியாருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது பள்ளிக்கூடச் சான்றிதழில் பத்திரமாக இருக்கிறது. ஊருக்கு அவர் கொக்கியார்தான். நடுரோட்டில் படுத்துக்கொண்ட வண்டிகளைத் தன் பிக்கப்பில் மாட்டி இழுத்து வருவது அவர் தொழில். இருபத்திரண்டு வருடத்தில் புத்தம்புதுக் கார் முதல் கழிவுநீர் லாரி வரை இழுத்துவிட்டார். அவர் வண்டியை மட்டும் இதுவரை ஒருவரும் இழுத்ததில்லை. இதைப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததோ என்னவோ, வண்டியின் நெற்றியில், கண்ணாடிக்கு மேலே, சிவப்புப் பெயின்டில் எழுதியே வைத்துவிட்டார்: "இழுப்பேன், இழுபடேன்."

இந்த வாசகத்தைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிற ஆள் ஒருவன் இருந்தான். அவன் கொக்கியாரின் மச்சினன், அவர் மனைவியின் ஒரே தம்பி. அவனும் இதே தொழில்தான், ஊரின் மறுகோடியில். அத்தானைப் பார்த்துத் தொழிலுக்கு வந்தவன், அத்தானிடம் இருப்பது மாதிரியே ஒரு பிக்கப்பையும் வாங்கினான். வாங்கிய முதல் மாதமே டீசல் தீர்ந்து பாலத்தடியில் நின்றுவிட்டான். இரண்டு கேன் டீசலோடு போயிருந்தால் கதை முடிந்திருக்கும். கொக்கியார் கொக்கியோடு போனார். புது வண்டியை மாட்டி, கடைத்தெருவை இரண்டு சுற்று, ஹாரன் அடித்துக்கொண்டே இழுத்து வந்தார். கடைக்காரர்கள் எல்லாம் வெளியே வந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து அவனுக்கு "டீசல்" என்றே பெயர் நிலைத்துவிட்டது. டீசல் அதோடு அக்கா வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. அக்காவிடம் போனில் மட்டும் பேசுவான். ஆறு வருடம் ஓடிவிட்டது.

தான் செய்தது தப்பு என்று கொக்கியாருக்கு இரண்டாம் வாரமே தெரிந்துவிட்டது. சொல்வதற்குத்தான் வாய் வரவில்லை.

இப்போது ஒரு மாதமாக பிக்கப் மேடு ஏறும்போது முனகியது. கியர் தானாக மாறுகிற வண்டி அது. மாறவேண்டிய இடத்தில் ஒரு கணம் யோசித்துவிட்டு, பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல் குதித்து மாறியது. காரணம் கொக்கியாருக்குத் தெரியும். சும்மா ஓடுகிற வண்டியில் கியர் ஆயில் வருடக்கணக்கில் தாங்கும். இன்னொரு வண்டியையும் சேர்த்து இழுக்கிற வண்டியில் அது சீக்கிரம் வெந்துபோகும். நாளைக்கு நாளைக்கு என்று இவர்தான் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தார்.

முந்தைய இரண்டு முறையும் மெக்கானிக்தான் மாற்றினார். இந்த முறை ஞாயிற்றுக்கிழமை காலையில் கொக்கியாருக்கு வீரம் வந்துவிட்டது.

"பழைய வண்டிக்கு நான்தானே மாத்தினேன்? இதென்ன பெரிய வித்தை?" என்றார் மனைவியிடம்.

"அது வேற வண்டி, இது வேற வண்டி. புஸ்தகத்தை ஒரு தடவை படிச்சுட்டுப் போங்களேன்."

"புஸ்தகம் படிக்கத் தெரியாதவனுக்குத்தான் புஸ்தகம்" என்று ஏதோ சொல்லிவிட்டு, வண்டியை நாலு ஸ்டாண்டுகளில் மட்டமாகத் தூக்கி நிறுத்தி, முதுகைத் தரையில் தேய்த்துக்கொண்டு உள்ளே போனார்.

ஆரம்பம் அமர்க்களமாகத்தான் இருந்தது. அடி போல்ட் கழன்றது. வைத்திருந்த பேசினில் ஆயில் கொட்டியது. அது மனைவி துணி அலசுகிற பேசின் என்பது பிறகு தெரியவந்தது. புதிதாக இருக்கும்போது மாதுளைச் சாறு மாதிரி இருக்கவேண்டிய ஆயில், கருத்துப்போய், அடிப்பிடித்த பாத்திரத்தின் வாசனை அடித்தது. கீழ்த்தட்டைக் கழற்றினார். அதிலிருந்த காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தார். மாவு மாதிரிதான் இருந்தது, இரும்புத் துண்டு எதுவும் தட்டுப்படவில்லை. கியர்பாக்ஸ் பிழைத்தது. புது பில்டர், புது பேக்கிங், போல்ட்டுகளை எதிரும் புதிருமாகச் சீராக முடுக்கினார். எல்லாம் முடிந்து, புது ஆயிலை ஏற்ற கைப்பம்ப்பையும் எடுத்துவைத்துக்கொண்டு, பக்கவாட்டில் இருந்த நிரப்பும் மூடியில் திருகுசாவியைப் போட்டார்.

மூடி அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு அழுத்து அழுத்தினார். சாவி வழுக்கியது. மூடியின் ஆறு மூலைக் குழி உருண்டையாகிப் போயிருந்தது.

"இந்தாம்மா! அந்தப் புஸ்தகத்தைக் கொஞ்சம் எடு!"

மனைவி வண்டிக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து புரட்டினாள். "'நிரப்பும் மூடி திறக்கிறதா என்று முதலில் பார்க்கவும். அது திறந்த பிறகே பழைய ஆயிலை இறக்கவும்.'"

வண்டிக்கடியில் திருகுசாவி கீழே விழுந்த சத்தம் கேட்டது.

"எத்தனாவது பக்கத்துல இருக்கு?" என்று கேட்டார்.

"முதல் வரியே அதுதாங்க."

பழைய வண்டியில் மேலிருந்து குழாய் வழியாக ஊற்றலாம். இதில் அந்தக் குழாயே கிடையாது. இறக்கிய ஆயில் பேசினில். ஏற்றவேண்டிய ஆயில் கேனில். காலி கியர்பாக்ஸோடு வண்டியை ஓட்ட முடியாது. மெக்கானிக் ஷாப்புக்குக் கொண்டுபோக ஒரே வழிதான் இருந்தது. இன்னொரு வண்டியில் மாட்டி இழுபட்டுப் போவது. ஊரில் இன்னொரு இழுவை வண்டி இருப்பது ஒரே ஆளிடம்.

"நான் இப்படியே இங்கயே கிடக்கேன். சோத்தைத் தள்ளிவிடு போதும்" என்றார்.

மனைவி எழுந்து உள்ளே போனாள். போனில் யாரிடமோ நாலு வார்த்தை பேசுவது கேட்டது.

இருபது நிமிடத்தில் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. டயரைப் பார்த்ததுமே யார் என்று கொக்கியாருக்குத் தெரிந்துவிட்டது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். இப்போது சிரிப்பான், கொக்கியை எடுப்பான், ஹாரன் அடிப்பான் என்று வரிசையாக எதிர்பார்த்தார். பக்கத்தில் ஏதோ உரசியது. கண்ணைத் திறந்தால், டீசல் மல்லாந்தபடி ஊர்ந்து உள்ளே வந்து, தோளோடு தோள் இடிக்கப் படுத்திருந்தான்.

"எந்தப் பக்கம் அத்தான்?"

கொக்கியார் விரலை மட்டும் நீட்டினார். டீசல் டார்ச் அடித்துப் பார்த்தான். உருண்டுபோன குழியைவிட ஒரு நூல் பெரிய நட்சத்திர முனை ஒன்றை அதில் வைத்துச் சுத்தியலால் நிதானமாகத் தட்டி இறக்கினான். நீளக் குழாயைப் பிடியில் செருகி ஒரே இழுப்பு. க்ரீச் என்றது மூடி.

"எப்படிடா?" என்று தன்னை மறந்து கேட்டுவிட்டார் கொக்கியார். ஆறு வருடத்தில் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"போன வருஷம் நானும் இதே மாதிரி மாட்டிக்கிட்டேன். முதல்ல ஆயிலை இறக்கிட்டேன்." சட்டைப்பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய புது மூடி ஒன்றை எடுத்தான். "அப்பவே ரெண்டா வாங்கி வச்சேன். ரெண்டு பேரு வண்டியும் ஒண்ணுதானே. உங்களுக்கும் ஒருநாள் வேணுமேன்னுதான். போன் பண்ணிச் சொல்லிடலாம்னு எத்தனையோ நாள் எடுத்தேன், வச்சுட்டேன்."

கொக்கியார் மூடியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு வருடமாக அவன் பெட்டியில் இவருக்காகக் கிடந்த மூடி அது.

பிறகு வேலை மடமடவென்று நடந்தது. ஆயிலைப் பம்ப் அடித்து ஏற்றினான் டீசல். மனைவி ஓட்டுநர் சீட்டில் ஏறி என்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு, ஒவ்வொரு கியராக லீவரை நகர்த்தினாள். கை பொறுக்கிற சூடு வந்து, ஆயில் துவாரத்தின் விளிம்பில் நூலாக வழியத் தொடங்கியதும் மூடியை முடுக்கினார்கள். ஸ்டாண்டிலிருந்து இறக்கி வாசலுக்கு ஓட்டிப் பார்த்தார் கொக்கியார். கியர் வெண்ணெயாக மாறியது.

டீசல் கையைத் துடைத்தான். "நான் வரேன்க்கா" என்று தன் வண்டிப் பக்கம் திரும்பினான்.

"சாப்பிட்டுட்டுப் போடா."

"இல்லக்கா. இன்னொரு நாள்."

அந்த இன்னொரு நாள் வரவே வராது என்று மனைவிக்கும் தெரியும், கொக்கியாருக்கும் தெரியும். அவள் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை.

"டேய், நில்லு" என்றார். "கொக்கியை மாட்டு."

"எதுக்கு அத்தான்? வண்டிதான் ஓடுதே!"

"ஓடினா ஓடட்டும். பின்சக்கரத்தைத் தூக்கி மாட்டு. இல்லாட்டி புது ஆயில் நாசமாயிடும். கடைத்தெரு, ரெண்டு சுத்து. ஹாரன் ஒரு இடத்துலகூட நிக்கக் கூடாது. நான் செஞ்சது தப்புடா. மாட்டு."

டீசல் அக்காவைப் பார்த்தான். அக்கா அதற்குள் அவன் வண்டியில் ஏறி, ஹாரனில் கையை வைத்தாகிவிட்டது.

கடைத்தெரு அன்று கண்ட காட்சியை இன்னும் மறக்கவில்லை. டயர் கடைக்காரர் டீயைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார். முடிவெட்டுகிறவர் பாதித் தலையோடு ஆளை விட்டுவிட்டு ஓடிவந்தார். பின்பக்கம் தூக்கிய பிக்கப் பின்னோக்கிப் போக, உள்ளே கொக்கியார் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்து எல்லோருக்கும் கையசைத்தார். அவர் தலைக்கு மேலே "இழுப்பேன், இழுபடேன்" என்ற சிவப்பு எழுத்து. முதல் சுற்றில் டீசல் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினான். இரண்டாவது சுற்றில் அடக்க முடியாமல் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தான். அப்புறம் கண்ணையும் துடைத்துக்கொண்டான்.

மூன்று தட்டும் அன்று ஒன்றாக நிறைந்தன. துணி பேசினுக்காகக் கொக்கியார் வாங்கிய திட்டில் டீசலும் அக்கா பக்கம் சேர்ந்துகொண்டான்.

மறுநாள் காலையில் கொக்கியார் ஏணி போட்டு ஏறினார், கையில் சிவப்புப் பெயின்ட். பழைய வாசகத்தில் கடைசிச் சொல்லை மட்டும் அடித்துவிட்டுத் திருத்தினார். இப்போது அந்த வண்டி எங்கே போனாலும் நெற்றியில் இப்படித்தான் இருக்கிறது: "இழுப்பேன். ஒரே ஒரு தடவை இழுபட்டேன், என் மச்சினனிடம்."