இடது கையின் அளவு

என் மகளுக்கு எட்டு வயது. மாடிப்படிக் கைப்பிடியில் சறுக்கி விளையாடப் போய் விழுந்து, இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். பூந்தமல்லியில் ஓர் எலும்பு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். எக்ஸ்ரே படத்தில் எலும்பின் முனைக்குச் சற்று முன்னால் குறுக்காக ஒரு கறுப்புக் கோடு. அங்கேதான் எலும்பு இரண்டாகப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் சிரித்தார். அந்தக் கோடு எல்லாப் பிள்ளைகளுக்கும் இருக்குமாம். அந்த இடம் இன்னும் எலும்பாகவில்லை, வெறும் குருத்தெலும்பு. ஒரு பக்கம் அது புதிதாக வளர்ந்துகொண்டே இருக்க, மறுபக்கம் சுண்ணாம்புச் சத்து ஏறி எலும்பாகிக் கெட்டிப்படும். கை நீளுவதே அப்படித்தானாம். அப்பாடா என்று மூச்சு விட்டேன். அதற்குள் அவர், முறிவு அந்தக் கோட்டையும் தொட்டிருக்கிறது என்றார். பெரும்பாலும் சரியாகிவிடும், சிலருக்கு மட்டும் அந்த இடத்தில் வளர்ச்சி நின்று கை குட்டையாகிவிடலாம், ஆறு மாதம் கழித்துப் படம் எடுத்தால் தெரியும் என்றார். அவர் சொன்ன ‘பெரும்பாலும்’ என் காதில் ஏறவே இல்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. லேத் மெஷினில் கடைந்து வரும் பாகங்களை வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து, மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் ஒதுக்கிவிடுவேன். அப்படிப்பட்டவன் ஆறு மாதம் சும்மா உட்கார்ந்திருப்பேனா? மாவுக்கட்டு பிரித்த வாரமே பெரிய வெர்னியர் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஞாயிறுதோறும் மகளை நாற்காலியில் உட்காரவைத்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இரண்டு கைகளையும் அளந்து நோட்டில் எழுதினேன். ஒரு வாரம் வலது கையைவிட இடது கை ஒரு மில்லிமீட்டர் குறைந்தது. அடுத்த வாரம் இரண்டு. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

“இன்னாய்யா இது, கம்பெனி சரக்கா? புள்ள கைய்யா” என்று மனைவி திட்டினாள். சதையைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே அளவு மாறிவிடும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் அளந்தேன். மகள் டிவி பார்க்கும்போதும், சாப்பிடும்போதும் என் கண் அந்தக் கையிலேயே இருந்தது.

ஆறு மாதம் கழித்துப் போனோம். இரண்டு கைகளையும் படம் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த டாக்டர், வளர்ச்சி நிற்கவில்லை, இரண்டும் ஒன்றாகவே வளர்கின்றன என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் பயமும் ஒரே நொடியில் இறங்கியது.

பிறகு மகளிடம் இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னார். அவள் வலது கையை மட்டும் நீட்டினாள். இடது கை முதுகுக்குப் பின்னால் போயிருந்தது. வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டிவிட்டு, என்னை ஒருமுறை பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

“ஸ்கூல்ல கூட இந்தக் கைய யாருக்கும் காட்ட மாட்டேன். இது குட்ட கை. எங்கப்பா நோட்ல எழுதி வச்சிகினு கீறாரு.”

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அங்கே உட்கார்ந்திருக்கவே கூசியது.