சரிங்க முதலாளி

பத்து வயதில் வந்த காய்ச்சல் என் காதைக் கொண்டுபோய்விட்டது. பேச்சு மட்டும் மிச்சம். அதனால் எனக்குக் காது கேட்காது என்பதைப் பார்த்த மாத்திரத்தில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அந்தத் தைரியத்தில்தான் ஐம்பதுகளில் புதுக்கோட்டையில் ஓர் அச்சகத்தில் அச்சுக் கோர்க்கச் சேர்ந்தேன்.

அதற்கு முன் அன்னவாசலில் ஒரு மளிகைக் கடையில் இருந்தேன். விஷயம் தெரிந்த அன்றே வெளியே அனுப்பிவிட்டார்கள். ‘செவிடு’ என்ற சொல்லை மட்டும் எவர் உதட்டிலும் நான் படித்துவிடுவேன். இங்கே அது வரவே கூடாது என்று பயந்து பயந்து வேலை பார்த்தேன். முதலாளி பேசி வாயை மூடியதும் “சரிங்க முதலாளி” என்பேன். அவர் சிரித்தால் நானும் சிரிப்பேன். மெஷின் ஓடும்போது மட்டும் நிம்மதி. அந்த இரைச்சலில் எல்லோருமே கைஜாடையில்தான் பேசுவார்கள்.

ஒரு காலை, மெஷின் ஓடவில்லை. முதலாளி பக்கத்தில் வந்து ஏதோ சொன்னார். நாலைந்து நாட்களாக மகளுக்காகக் கல்யாணப் பத்திரிகை மாதிரிகளைப் புரட்டிக்கொண்டிருந்தவர். தேதி குறித்தாகிவிட்டது போலும் என்று நினைத்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன்.

“ரொம்ப சந்தோஷங்க முதலாளி. ஜமாய்ச்சிரலாம்.”

அவர் முகம் இருண்டுபோயிற்று. விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். மெஷின்காரர் ஓடிவந்து என்னைப் பிடித்து உலுக்கினார். வேறு வழியில்லாமல் காதைத் தொட்டு, கையை விரித்துக் காட்டினேன். அவர் ஒரு கழிவுத் தாளில் எழுதினார்: “அவுக ஆத்தா விடியக்காலையில செத்துப்போச்சுடா. கருமாதிப் பத்திரிகை அடிக்கச் சொன்னாக.”

மானம் போயிற்று. அந்தப் பத்திரிகையை நான்தான் கோர்த்தேன். அந்த அம்மாள் பெயரை எழுத்தெழுத்தாக எடுத்து வைத்தேன். வேலை போனாலும் போகட்டும், அவர் முகத்தில் விழிக்காமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

கருமாதி முடிந்து, முதலாளி மொட்டைத் தலையோடு வந்தார். என் காது விஷயத்தை மெஷின்காரர் சொல்லியிருக்க வேண்டும். கையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சிலேட்டு. என் எழுத்துப் பெட்டிக்கு மேலே தாமே ஆணி அடித்து அதை மாட்டினார். எல்லோரையும் அழைத்து, சிலேட்டையும் என்னையும் மாறி மாறிக் காட்டிப் பேசினார். இனி எனக்கு எதையும் எழுதித்தான் சொல்ல வேண்டும் என்று புரிந்தது. பிறகு பலப்பத்தை எடுத்து முதல் வரியை அவரே எழுதினார்.

“ஏன் தம்பி, எங்கிட்டக்கூடச் சொல்லலை?”

படித்தேன். அன்னவாசல் கதை முழுவதும் தொண்டை வரைக்கும் வந்தது. வாயைத் திறந்தேன்.

“சரிங்க முதலாளி” என்றேன்.