களைத்துப்போன இரும்பு

கொஸ்லந்தைக்குப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து அரைக்கும் மெஷினின் இரும்பு அச்சு 1974இல் மூன்றாவது தடவையாக முறிந்தது. கொழும்பிலிருந்து வந்த ஆராய்ச்சி எஞ்சினியர் அதைத் தடவிப் பார்த்து, "உலோகக் களைப்பு" என்றார்.

"இரும்பு களைச்சுதுன்னா நம்புறாங்க. நாங்க களைச்சோம்னா சோம்பேறிங்கிறாங்க" என்றார் ஃபிட்டர் பெத்தண்ணன். பக்கத்தில் நின்ற தோட்ட மேலாளரான துரை முறைத்தார். எஞ்சினியர் சிரித்துவிட்டார்.

பெத்தண்ணன் முறிவைக் காட்டினார். "பள்ளம் வெட்டின இந்தக் கூர் மூலையிலதாங்க எப்பவும் வெடிப்பு விழுது. மூலைய மழுக்கிட்டா நிக்கும்."

புது அச்சில் அப்படியே மழுக்கினார்கள். அது முறியவில்லை. மறுவருடம் எஞ்சினியர் தம் ஆய்வுகூடத்தில் அவருக்கு வேலை கொடுத்தார்.

"என்னங்க வேலை?"

"இரும்பை இழுத்து உடைக்கவேணும். எவ்வளவு பாரத்தில் முறியுது என்று எழுதவேணும்."

"இங்க ஒடச்சா துரை ஏசுவாரு. அங்க சம்பளமா?"

1986இல் ஓய்வு பெறும்வரை பெத்தண்ணன் சந்தோஷமாக உடைத்துக்கொண்டிருந்தார்.