சந்தனம் பட்டுக் கரைந்த முகம்

எனக்குச் சரியாக எழுத வராது, ஞாபகமும் தப்பும், பொறுத்துக்கொள்ளுங்கள். அரியலூரில் வீட்டிலேயே ஆபீஸ் வேலை பார்க்கும் என் மகன், ஜெராக்ஸும் எடுக்கும் கலர் பிரிண்டர் ஒன்றை விலை மட்டும் பார்த்து வாங்கினான். இறந்துபோன என் மகளின் ஒரே போட்டோவை அதில் பெரிதாக எடுத்தான்.

“தங்கச்சி எப்படிச் சிரிக்குது பாரும்மா!”

“பூஞ்சை புடிச்ச பழசு வூட்ல வேணாம்டா” என்றேன். அந்தப் பழைய போட்டோவைக் கொள்ளிடம் ஆற்றில் விட்டோம்.

புதிய படத்துக்குக் கண்ணாடி போடும் முன்பே மகளின் திதி வந்தது. நெற்றியில் சந்தனம் வைத்தேன். ஈரத்தில் மை ஓடி, முகமே கரைந்தது.

“கம்ப்யூட்டர்ல இருக்குமேடா?”

“நேரா காப்பி எடுத்துட்டேம்மா, அதுல இல்ல” என்று அழுதான்.

இப்போது பிரிண்டர் வாங்கப் போகிறவர்களிடம், கடையிலேயே அச்சடித்த தாளைத் தண்ணீர் தொட்டுப் பார்க்கச் சொல்கிறேன். அது சரிதானா, கரைந்த முகத்தை மீட்க வழியுண்டா என்று விவரம் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.