டேங்க் நிரம்பினால் வரும் வாடை

என் அக்கா புருஷன் ஒரு கார் மெக்கானிக். ஆனால் யாரும் அவரை மெக்கானிக் என்று கூப்பிட்டதில்லை, ‘மூக்கு’ என்றுதான் கூப்பிடுவார்கள். காருக்குள் பெட்ரோல் வாடை வருகிறது என்று யாராவது வந்தால் அத்தான் ஸ்பானரைத் தொடமாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர் மாதிரி வண்டியைச் சுற்றி வருவார். அங்கங்கே குனிந்து மூச்சை இழுப்பார். “ட்யூப் விரிஞ்சிருக்கு” என்பார், இல்லாவிட்டால் “மூடி சரியா ஒக்காரல” என்பார். கழற்றிப் பார்த்தால் அதேதான் இருக்கும். அந்தப் பெருமையில் மனுஷனுக்குக் கால் தரையில் பாவாது.

அவருக்கு ஒரே மகள். ஊருக்கு வெளியே மேட்டின் மேல் இருக்கும் மருத்துவமனையில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. அந்தப் பக்கம் பஸ் போகாது. அத்தான் ஒரு பழைய காரை வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, பெட்ரோல் பம்பு வரைக்கும் புதிதாக மாற்றிச் சாவியைக் கையில் கொடுத்தார். கல்யாணமான பிறகும் அவள் வேலையை விடவில்லை. அந்த வேலை என்றால் அவளுக்கு உயிர்.

ஒரு நாள் ஷெட்டில் வந்து நின்றாள்.

“அப்பா, கார்ல பெட்ரோல் வாடை அடிக்குது. டேங்க் ஃபுல் பண்ணினா மட்டும்தான் வருது. கொறைஞ்சிட்டா வர்றதில்ல.”

இதைவிடத் தெளிவாக ஒருவர் டாக்டரிடம்கூடச் சொல்ல முடியாது. அன்று டேங்கை நிரப்பியே கொண்டுவந்திருந்தாள். அத்தான் வழக்கம்போலச் சுற்றி வந்தார், பின்சீட்டுப் பக்கம் தலையை விட்டு மூச்சை இழுத்தார்.

“ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் உன் பிரமை.”

அத்தோடு கதை முடிந்தது. அவள் புருஷன் நல்லவன்தான். எப்போதாவது காரில் ஏறுவான், அப்போது பார்த்து டேங்க் காலியாக இருக்கும். “‘மூக்கே’ வாடை இல்லன்னு சொல்லிட்டாரு, அப்புறம் என்ன?” என்றான். வேறொரு மெக்கானிக்கிடம் போனாள். அவர் கதவைக்கூடத் திறக்கவில்லை. “உங்கப்பா பாத்த வண்டில நான் கை வைக்கிறதா? நல்லா இருக்கும்மா!” என்று கும்பிடு போட்டு அனுப்பிவிட்டார். பாதி டேங்க் மட்டும் போட்டு ஓட்டினாள். நாளாக ஆக, மேடு ஏறும்போது அதிலும் வாடை வந்தது. மழையிலும் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினாள்.

தலைவலி ஆரம்பித்தது. காரில் கோளாறு இல்லை என்று ஆன பிறகு அவளிடம்தானே கோளாறு இருந்தாக வேண்டும்? மூக்குக்கண்ணாடி மாட்டிவிட்டார்கள். மாத்திரை கொடுத்தார்கள். “வேலை ஒத்துக்கல போல” என்றாள் மாமியார். அதைச் சொல்லிச் சொல்லியே கடைசியில் வேலையை விட வைத்துவிட்டார்கள். கார் அத்தான் ஷெட்டுக்கே திரும்பி வந்து மூலையில் நின்றது.

அப்புறம் ஒரு காலையில் நான் ஷெட்டுக்குப் போனேன். வாசலிலேயே பெட்ரோல் வாடை ஆளைத் தூக்கியது. உள்ளே ஒரு கேன் சாய்ந்து தரையெல்லாம் ஈரம். அத்தான் அந்த ஈரத்தில் நின்றுகொண்டு, டீ போட ஸ்டவ் பக்கத்தில் தீப்பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார். பாய்ந்து பிடுங்கினேன்.

“பைத்தியமா அத்தான் உங்களுக்கு? வாடை தெரியல?”

அவர் காலுக்குக் கீழே குனிந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

“தெரியல மாப்ள. அந்தப் பெரிய காய்ச்சல் வந்துச்சில்ல, அதுலேர்ந்தே தெரியல.”

அந்தக் காய்ச்சல் அவள் காரைக் கொண்டுவருவதற்கு முந்தியே வந்தது. எனக்கு அவரை அறைய வேண்டும் போல இருந்தது. மூக்கு போனது நோய், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பட்டப்பெயர் போய்விடக்கூடாது என்று பெற்ற பெண்ணைப் பிரமை பிடித்தவளாக்கியதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்கள். இங்கே மெக்கானிக்கே மகளைச் சீக்காக்கியிருந்தார்.

அன்றைக்கே அந்தக் காரின் பின்சீட்டைத் தூக்கினார். அடியில் வட்ட மூடி, அதற்குக் கீழே டேங்கின் தலையில் பம்பு. பம்பைச் சுற்றி அழுக்கு ஈரமாகப் படிந்திருந்தது. கழற்றினால், உள்ளேயிருந்த ரப்பர் வளையம் ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டு நசுங்கியிருந்தது. டேங்க் நிறைந்தால் பெட்ரோல் அதன் வழியாகத்தான் கசியும். அவள் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி. பெட்ரோலை இறக்கி, புது வளையம் போட்டு, மூடியை முறுக்கி, டேங்கை நிரப்பினார். சுற்றிலும் விரலால் தடவித் தடவிப் பார்த்தார். உலர்ந்தே இருந்தது.

மறுநாள் மகளை வரச் சொன்னார். நிமிர்ந்து பார்க்காமலே பேசினார்.

“எனக்கு வாசனையே தெரியாதும்மா. அன்னிக்கும் தெரியாது. நீ சொன்னதுதான் நிஜம்.”

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. “என் எடத்துக்கு வேற ஆள் எடுத்துட்டாங்கப்பா” என்று மட்டும் சொன்னாள். பிறகு சாவியை வாங்கிக்கொண்டு, பழைய வழியிலேயே மேடு வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்தாள். அத்தான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார்.

“வாடை வருதாம்மா?”

“இல்லப்பா. சுத்தமா இல்ல.”

அவர் தலையாட்டினார். ஆனாலும் மனசு கேட்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

“மாப்ள, நீ ஒரு தடவ உள்ள தலைய விட்டுப் பாரேன்.”

நானும் பார்த்தேன். சீட்டுத் துணி வாசனை தவிர வேறொன்றும் இல்லை. “இல்ல அத்தான்” என்றேன். அதற்கப்புறம்தான் அவர் மூச்சை விட்டார்.

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இப்பவும் மாமா சொன்னாத்தான் நம்புவீங்களாப்பா?”

அவள் சாவியை அத்தான் கையில் வைத்துவிட்டு, பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து நடந்தாள்.